சின்னம்மா பிடித்த கை

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் பேச்சு எங்கே தொடங்கினாலும் மூட்டுவலியில் வந்து நிற்கிறது. உங்களில் ஒருத்திக்குத் தோள்பட்டை இறுகிப்போய்விட்டது. ஒருத்தர் குளியலறையில் வழுக்கி விழுந்து, மணிக்கட்டு மாவுக்கட்டை இப்போதுதான் பிரித்திருக்கிறார். தினம் பிசியோதெரபிக்குப் போய்வருகிறீர்கள். ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கு அமுக்கு என்கிறார்களாம், அங்கிருக்கும் சின்னப் பெண்ணுக்கு ஈவிரக்கமே இல்லையாம். போன வாரம் நீங்கள் இப்படி அங்கலாய்த்தபோது நான் சிரித்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்த வைத்தியமெல்லாம் எனக்கு எட்டு வயதிலேயே நடந்தது. அப்போது அதற்குப் பெயர் ஒன்றும் தெரியாது. எங்கள் வீட்டில் 'கை புடிக்கறது' என்பார்கள். அந்தக் கையைப் பிடிப்பதில் எங்கள் வீட்டில் இரண்டு பெண்களுக்கு நடுவே மூண்ட பொறாமையை இன்று நினைத்தாலும் எனக்கு உள்ளங்கை குறுகுறுக்கிறது.

ஆம்பூரில் தோல் மண்டிகளுக்குப் பின்பக்கம் போகும் தெருவில் எங்கள் வீடு. சுண்ணாம்புத் தொட்டியில் ஊறும் தோலின் நாற்றமும் அரைத்த பட்டையின் துவர்ப்பு வாசனையும் எங்கள் சோற்றிலேயே கலந்திருக்கும். வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்தினால்தான் அப்படி ஒன்று இருப்பதே எங்களுக்கு ஞாபகம் வரும். அப்பாவுக்கு ஆவாரம்பட்டை வியாபாரம். ஆலங்காயம் பக்கத்துக் காட்டில் பட்டை உரிப்பவர்களிடம் வாங்கி, வண்டி கட்டிக் கொண்டுவந்து, தோல் பதனிட மண்டிகளுக்குப் போடுவார்.

எனக்குப் பிறகு அம்மாவுக்குப் பிள்ளை தங்கவில்லை. அப்பாவுக்கு ஆண் வாரிசு வேண்டியிருந்தது. ஒரு தடவை பட்டை மூட்டைகளோடு சின்னம்மாவும் வண்டியிலிருந்து இறங்கினாள். அம்மாவை ஆரத்தி எடுக்கச் சொன்னார்கள், எடுத்தாள். தட்டைக் கொட்டிவிட்டு வந்தவள் அன்று முழுவதும் தேய்த்த பாத்திரத்தையே தேய்த்துக்கொண்டிருந்தாள்.

சின்னம்மாவுக்கு இருபது வயது இருந்தால் அதிகம். பட்டை உரித்து உரித்து அவளுடைய விரல் நுனிகள் கறுத்திருந்தன. எவ்வளவு தேய்த்தாலும் அந்தக் கறை போகாது. பேச்சு கம்மி. கேட்டதற்குப் பதில், அதோடு சரி.

அப்பா நியாயஸ்தர் என்று பெயர் எடுக்க ஆசைப்படுபவர். புடவை எடுத்தால் ஒரே கரையில் இரண்டு, பூ வாங்கினால் ஒரே அளவில் இரண்டு பொட்டலம். அம்மாவுக்கு அந்த நியாயத்தில் நம்பிக்கை இல்லை. தனக்கு வந்த பூவை முழம் போடுவாள். சின்னம்மா தலையில் வைத்திருப்பதைக் கண்ணாலேயே முழம் போடுவாள்.

அந்தப் பூவால்தான் எனக்கு இந்தக் காயம் வந்தது.

அம்மா கத்தரிக்காய் சுடுவதற்காக அடுப்பிலிருந்து தணலை வாரி முன்னால் பரப்பியிருந்தாள். வாசலில் வண்டிமாட்டின் மணிச் சத்தம். அப்பா வாணியம்பாடி சந்தையிலிருந்து திரும்பியிருந்தார். சின்னம்மா வாசலில்தான் இருந்தாள். அவள் கைக்குப் பூப்பொட்டலம் முதலில் போய்விடும் என்று அம்மாவுக்குத் தோன்றியிருக்க வேண்டும். கத்தரிக்காயை அப்படியே போட்டுவிட்டு எழுந்து ஓடினாள். நானும் அவள் பின்னாலேயே ஓடத் திரும்பினேன். தரையில் தண்ணீர் சிந்தியிருந்தது. கால் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தேன். ஊன்றியது தணலின் மேல்.

முதலில் வலிக்கவில்லை, சத்தம்தான் கேட்டது. பிறகு நான் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. அம்மா ஓடிவந்தபோது இரண்டு பொட்டலமும் அவள் கையில்தான் இருந்தன. ஒன்று பிரிந்து, பூ வாசலிலிருந்து அடுப்படிவரை கோடு இழுத்த மாதிரி சிதறிக்கிடந்தது.

பக்கத்து வீட்டு பீபியம்மா சுண்ணாம்புத் தெளிவையும் தேங்காய் எண்ணெயையும் அடித்துக் குழைத்துக் கொண்டுவந்து தடவினாள். அவள் புருஷன் மண்டியில் மேஸ்திரி. அவர்கள் வீட்டில் சுண்ணாம்புக்குப் பஞ்சமில்லை. கை விரிந்தால் எரிகிறது என்று நான் அழுததால் விரல்களை மடக்கியே துணி சுற்றிவிட்டார்கள். புண் ஆறியது. துணியைப் பிரித்த அன்று விரல்களும் பிரியும் என்று எல்லோரும் சுற்றி நின்றார்கள். பிரியவில்லை. மடக்கிக் கட்டிய கை மடங்கியபடியே ஆறியிருந்தது. நாலு விரல்களும் உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டுவிட்டன.

"பொட்டப்புள்ள. சோத்துக்கை இப்படி ஆயிட்டா எவன் கட்டுவான்?" என்று தெருவில் கேட்டார்கள். அப்பாவின் காதில் அது விழுந்த பிறகுதான் வேலூருக்கு ரயில் ஏறினோம்.

காட்பாடியில் இறங்கி ஜட்கா பிடித்துப் போன அந்த ஆஸ்பத்திரியில் எனக்கு நினைவிருப்பது கார்பாலிக் வாசனையும், கண்ணாடி ஜன்னலில் தெரிந்த கோட்டைச் சுவரும்தான். தழும்பை அறுத்து விரல்களை விடுவித்து, என் தொடையிலிருந்து தோல் எடுத்து உள்ளங்கையில் ஒட்டினார்கள். பீபியம்மா பிறகு இதைக் கேட்டுவிட்டு, "நம்ம ஊர்ல ஆட்டுத்தோலுக்கு வேலை செய்வாங்க, உனக்கு உன் தோலுக்கே வேலை செஞ்சிட்டாங்களா!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். கையைத் தப்பையில் வைத்துக் கட்டி, வார்டில் அம்மாவும் நானும் வெகுநாள் கிடந்தோம். காயம் நன்றாக ஆறிய பிறகு கை பார்க்கும் நர்ஸம்மா என் கையை இளஞ்சூட்டு மெழுகில் முக்கி எடுத்தாள். ஆறியதும் அதை உறை மாதிரி முழுசாகக் கழற்றித் தந்தாள். ஐந்து விரலும் நகமும் பதிந்த ஒரு வெள்ளைக் கை. ரொம்ப நாள் அதைச் சுவர் மாடப்பிறையில் வைத்திருந்தேன். ஒரு வெயில் காலத்தில் உருகிக் கட்டியாகிவிட்டது.

வீட்டுக்கு அனுப்பும் நாளன்று நர்ஸம்மா எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"பாருங்கம்மா, இது புதுத் தோல். சுருங்கத்தான் பாக்கும். நீங்கதான் இழுத்து விரிக்கணும். வெந்நீர்ல ஊற வெச்சு, எண்ணெய் தடவி, ஒவ்வொரு விரலா நிமுத்தணும். காலையிலயும் செய்யணும், சாயங்காலமும் செய்யணும். புள்ள கத்தும். கத்துதேன்னு விட்டீங்கன்னா விரல் பழையபடி உள்ள போயிடும்."

செய்தும் காட்டினாள். நான் கத்தினேன். பிறகு அம்மாவைச் செய்யச் சொன்னாள். அம்மா என் நடுவிரலைப் பிடித்தாள். "அம்மா, வேணாம்மா" என்றேன். அவ்வளவுதான். விரலை விட்டுவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். மறுபடி பிடித்தாள், மறுபடி விட்டாள். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சாப்பாடு கொண்டுவந்திருந்த சின்னம்மா தூக்கை ஓரமாக வைத்துவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு என் எதிரே உட்கார்ந்தாள்.

"குடுங்க, நான் பாக்கறேன்."

அந்தக் கறுத்த விரல்கள் என் விரலைப் பிடித்தன. நான் கத்தினேன், உதைத்தேன். அவை விடவில்லை. நர்ஸம்மா தலையை ஆட்டினாள். "இவங்க செய்யட்டும்" என்றாள். அம்மா முந்தானைக்குள்ளிருந்து முகத்தை எடுக்கவே இல்லை.

வீட்டில் எங்கள் இடம் கிணற்றடிக் கல். காலையில் மண்டி மணி அடிக்கும்போது சின்னம்மா வெந்நீர் கொண்டுவந்து வைப்பாள். என்னைத் தன் கால்களுக்கு நடுவே உட்காரவைத்து முழங்கால்களால் இறுக்கிக்கொள்வாள். கையை ஊறவைத்து, நல்லெண்ணெய் தடவி, ஆள்காட்டி விரலில் தொடங்கி ஒவ்வொன்றாக நிமிர்த்துவாள். தழும்பு கிழிந்துவிடும் போல இழுக்கும். நான் அழுது மூச்சடைத்து நீலமாகிவிடுவேன்.

ஒருநாள் அவளே சொன்னாள்: "அழுவாத. அழுதா மூச்சு முட்டுது, கையும் இறுகிப்போவுது. அழுவறதுக்குப் பதிலா என்னைத் திட்டு. இன்னா வேணும்னாலும் திட்டு. கையை மட்டும் இழுக்காத."

பெரியவர்களைத் திட்ட அனுமதி! எட்டு வயதில் யாருக்குக் கிடைக்கும்? எனக்குத் தெரிந்த நாயையும் பேயையும் முதல் இரண்டு நாளிலேயே தீர்த்துவிட்டேன். பிறகு திட்டுவதற்கு வேறு வார்த்தை இல்லை. அப்போதுதான், அம்மா அடுப்படியில் தனியாக இருக்கும்போது பாத்திரங்களோடு பேசும் வார்த்தைகள் ஞாபகத்துக்கு வந்தன.

"காட்டுச் சனியனே!" என்று கத்தினேன். "பட்டை மூட்டையோட வந்து எறங்கினவளே! குடியைக் கெடுத்தவளே!"

அடுப்படியில் உருண்டுகொண்டிருந்த பாத்திரச் சத்தம் நின்றது.

"வயிறு தொறக்காத முண்டமே!"

சின்னம்மாவின் விரல்கள் ஒரு கணம் அப்படியே நின்றன. நான் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தேன். அதில் ஒன்றும் தெரியவில்லை.

"இது நீ கத்துகிட்ட வார்த்தை" என்றாள் மெதுவாக. "பரவால்ல, சொல்லு. மோதிர வெரலு இன்னும் பாக்கி இருக்குது."

அடுப்படிக் கதவு சாத்திக்கொண்டது. அன்று அம்மா சாப்பிடவில்லை. வார்த்தை வெளியே வந்துவிட்டது என்பதற்கா, என் கை சின்னம்மா பிடியில் இருக்கிறது என்பதற்கா, எதற்குச் சாப்பிடவில்லை என்று எனக்குத் தெரியாது. இரண்டுக்கும்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

கை பிடித்து முடிந்ததும் சின்னம்மா ஒன்று செய்வாள். எரியும் உள்ளங்கையை எடுத்துத் தன் கழுத்தோரம் வைத்து அழுத்திக்கொள்வாள். அவள் கழுத்து வியர்த்துக் குளிர்ந்திருக்கும். அந்தக் குளிர்ச்சிக்காகவே நான் முழு வலியையும் பொறுத்துக்கொள்ளத் தொடங்கினேன். கொஞ்ச நாளில் திட்டுவது குறைந்தது. இன்னும் கொஞ்ச நாளில், மணி அடிப்பதற்கு முன்பே நான் போய்க் கிணற்றடியில் உட்கார்ந்திருப்பேன். என் கை அவள் கைமேல் தட்டையாகப் படிந்த அன்று அவள் சிரித்தாள். மேல்வரிசையில் ஒரு பல் மேல் இன்னொரு பல் ஏறியிருப்பதை அன்றுதான் பார்த்தேன்.

அம்மா அடுப்படி வாசலில் வெல்லக்கட்டியோடு நின்று பார்ப்பாள். எல்லாம் முடிந்த பிறகு கூப்பிடுவாள். நான் போய் வெல்லத்தை வாங்கிக்கொண்டு சின்னம்மாவிடமே திரும்பிவிடுவேன். ஒரு வெள்ளிக்கிழமை தலைக்குக் குளிப்பாட்டி, சீப்பை எடுத்துக்கொண்டு அம்மா உட்கார்ந்தாள். "சின்னம்மா வாரட்டும்" என்றேன். குழந்தைகள் பேசுவது அப்படித்தான், யோசித்தா பேசுகிறார்கள்? அம்மா சீப்பை என் மடியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். அப்பா விஷயத்தில் அவளுக்குப் பொறாமை இருந்ததென்றால் அது ஊர் வழக்கம், எல்லோரும் புரிந்துகொள்வார்கள். பெற்ற பிள்ளை விஷயத்தில் வந்த பொறாமையை அவள் யாரிடம் போய்ச் சொல்வாள்?

இந்த நேரத்தில் இன்னொன்று நடந்தது. காலையில் என் கையைப் பிடித்து முடித்ததும் சின்னம்மா கொல்லையில் வைக்கோல்போருக்குப் பின்னால் போய் வாந்தி எடுப்பாள். நான் பார்த்திருக்கிறேன், பெரிதாக நினைக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பீபியம்மாவும் பார்த்துவிட்டாள்.

"உன் தங்கச்சி தினம் காலையில வாந்தி எடுக்கறாளே, கவனிச்சியா?" என்று அம்மாவிடம் கேட்டாள். "குஷியான சமாச்சாரம்தான். ஆம்பளப்புள்ளையாத்தான் இருக்கும், பாரு!"

அம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் பார்த்தேன். உதடு மட்டும் விரிந்தது.

அப்பா காதுக்குச் செய்தி போனதும் மாங்காய் வந்தது. சின்னம்மா திகைத்துப்போய், "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றாள். "மொதல்ல எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க" என்றாள் பீபியம்மா. வெட்கம் என்று எல்லோரும் முடிவுகட்டிவிட்டார்கள். அப்பா பட்டை உரிக்கும் பருவத்துக்காகக் காட்டுக்குப் புறப்பட்டபோது நடையே மாறியிருந்தது.

அவர் போன மறுநாள் காலை, வெந்நீரோடு வந்த சின்னம்மாவை அம்மா வழிமறித்தாள்.

"இனிமே நீ இவ கையைத் தொடாத. வயித்துல சுமந்துகினு எம் பொண்ணு வாயால எதுக்கு ஏச்சு வாங்கற? நானே பாத்துக்கறேன்."

"நீ இழுக்க மாட்டியேக்கா."

"நான் பெத்தவ. எனக்குத் தெரியும்."

சின்னம்மா வெந்நீரைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அம்மா கை பிடித்தது எப்படி என்றால், பூப்போல எண்ணெய் தடவுவாள். நான் முகம் சுளித்தால் நிறுத்திவிடுவாள். வெல்லம் தருவாள். ராத்திரிக்கு வைத்துக் கட்டும் தப்பை அழுத்துகிறது என்றால் கட்டைத் தளர்த்துவாள். வலியில்லாத காலை! முதல் சில நாள் எனக்குத் தீபாவளிதான்.

பிறகு ஒருநாள் மாட்டுக்கொட்டகையில் பார்த்தேன். எங்கள் கன்றுக்குட்டிக்குக் கால் பிசகியிருந்தது. சின்னம்மா அதைத் தன் கால்களுக்கு நடுவே இறுக்கிக்கொண்டு, எண்ணெய் தடவி உருவிக்கொண்டிருந்தாள். முடிந்ததும் அதன் தலையைத் தன் கழுத்தோரம் சாய்த்துக்கொண்டாள். சிரிக்காதீர்கள். அந்தக் கன்றுக்குட்டி மேல் எனக்கு வந்த ஆத்திரம் பிற்பாடு என் வாழ்க்கையில் எந்த மனுஷி மேலும் வந்ததில்லை. அது எனக்குச் சொந்தமான இடம். அங்கே போய் அது மூஞ்சியை வைத்திருந்தது. பிறக்கப்போவதாகச் சொல்லும் பிள்ளையும் நாளைக்கு அங்கேதான் முகம் வைக்கும் என்று தோன்றியதும் அதன் மேலும் சேர்த்துப் பொறாமைப்பட்டேன்.

விரல்கள் சத்தமில்லாமல் உள்ளே போய்க்கொண்டிருந்தன. ஒருநாள் தண்ணீர் குடிக்கும்போது பித்தளை டம்ளர் கையிலிருந்து நழுவி விழுந்தது. எடுக்கப் போனேன், பிடிக்க முடியவில்லை. அம்மா பார்த்தாள். டம்ளரை எடுத்துக் கழுவி, இடது கையில் கொடுத்தாள். யார் வந்தாலும் என் வலது கையைப் பாவாடை மடிப்புக்குள் தள்ளிவிடத் தொடங்கினாள். சின்னம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு பேசாமல் நடமாடினாள். அவளுக்கு வாந்தி நின்றிருந்தது. வயிறு மட்டும் இருந்தபடியே இருந்தது. அதை அம்மா கவனிக்காமலா இருந்திருப்பாள்?

அப்பா காட்டிலிருந்து திரும்பினார். ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய நாள் வந்தது. நாலு பேரும் போனோம்.

நர்ஸம்மா துணியைப் பிரித்தாள். எண்ணெய் வைத்துப் பின்னிப் பூ முடித்த என் தலையைப் பார்த்தாள். அழுதுகொண்டிருந்த அம்மாவைப் பார்த்தாள். சுவரோரம் இறுகிய முகத்தோடு நின்ற சின்னம்மாவைப் பார்த்தாள்.

"வீட்டுல யாரு கை புடிச்சது?"

"சின்னவதாம்மா" என்றார் அப்பா. அவருக்கு வேறு எதுவும் தெரியாது.

நர்ஸம்மா சின்னம்மா பக்கம் திரும்பினாள். "உன்னை நம்பித்தானே குடுத்தனுப்பினேன்? உன் வயித்துல பொறந்திருந்தா இப்படி விட்டிருப்பியா? மாத்தாந்தாய்ப் புத்தியைக் காட்டிட்டியே!"

வார்டில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நான் வாயைத் திறந்தேன். என் தோளில் இருந்த அம்மாவின் கை அழுத்தியது. வாயை மூடிக்கொண்டேன். சின்னம்மா தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அடுத்த மாசம் கூட்டிட்டு வாங்க. அதுக்குள்ள விரிஞ்சா சரி. இல்லன்னா மறுபடியும் கத்திதான். சுண்டுவிரல் நிக்குமான்னு சொல்ல முடியாது" என்றாள் நர்ஸம்மா.

காட்பாடி ஸ்டேஷனில் வண்டி வர நேரமாகும் என்றார்கள். அப்பா டிக்கெட் வாங்கப் போனார். பிளாட்பாரத்தில் ஒரு தூணடியில் நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தோம். நான் நடுவில். வெயிலில் தண்டவாளம் கண்ணைக் கூசவைத்தது.

"ஏண்டி, வாயில இன்னா வெச்சிருந்த?" என்று அம்மா திடீரென்று வெடித்தாள். "அக்காதான் நிறுத்தினான்னு சொல்றதுதானே?"

"நீ சொல்லுவேன்னு பாத்தேன்" என்றாள் சின்னம்மா.

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு குரலை இறக்கிக் கேட்டாள்:

"வயித்துல எத்தனை மாசம்?"

"வயித்துல ஒண்ணுமில்லக்கா. அப்பவே சொன்னேன். யாரு காதுல போட்டுகினீங்க?"

"அப்ப அந்த வாந்தி?"

சின்னம்மா என்னைப் பார்த்தாள், பிறகு தண்டவாளத்தைப் பார்த்தாள்.

"இவ கத்துவா இல்ல, அது. இவ கத்தக் கத்த வெரலை இழுத்தா எனக்குக் கொடலைப் பெரட்டும். இவ எதிர்ல காட்டினா பயந்துகுவா. அதான் கொல்லைக்குப் போயிடுவேன். நீ நிறுத்தினதும் அதுவும் நின்னு போச்சு."

அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கூட்ஸ் வண்டி கடகடவென்று போய் முடிகிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் கையைத் தூக்கிச் சின்னம்மா மடியில் வைத்தாள்.

"நீயே புடி."

"மாட்டேன்."

"புடின்னு சொல்றேன் இல்ல!"

"நான் புடிச்சு நல்லாப்போனா எம் புள்ளைய இழுத்துகினான்னு உனக்குத் தோணும். கெட்டுப்போனா மாத்தாந்தாய் கெடுத்தான்னு ஊரு சொல்லும். நீ புடிக்கா. நான் இவளை மடியில வெச்சிக்கறேன்."

"என்னால முடியாதுடி." அம்மா தன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "ஒவ்வொரு தடவை இந்தக் கையைத் தொட்டாலும் அந்தத் தணல்தான் தெரியுது. அன்னிக்கு நான் வாசலுக்கு வராம இருந்திருந்தா..."

"தெரியும். நானும் வாசல்லதான நின்னேன்" என்றாள் சின்னம்மா. என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, கைகளால் என்னைச் சுற்றி இறுக்கினாள். "புடி. ஆள்காட்டி வெரல்லேருந்து ஆரம்பி."

அந்தப் பிளாட்பாரத்தில், வெந்நீர் இல்லை, எண்ணெய் இல்லை, அம்மா என் விரலைப் பிடித்தாள். நான் "அம்மா, வேணாம்மா" என்றேன். அவள் கண்ணிலிருந்து நீர் கொட்டியது, கை விடவில்லை. நான் போட்ட அலறலில் கூலிக்காரர்களெல்லாம் ஓடிவந்தார்கள். கூடையோடு வந்த கிழவி ஒருத்தி, "அய்யோ, புள்ளைய ஏண்டி இப்படிக் கொல்றீங்க?" என்று அம்மாவின் தோளைப் பிடித்து இழுத்தாள்.

"நீ போம்மா" என்றாள் சின்னம்மா. "பெத்தவ செய்யறா."

கடைசி விரலையும் நிமிர்த்திவிட்டு அம்மா எழுந்து, தள்ளாடிப் போய், பிளாட்பார ஓரத்தில் குனிந்து வாந்தி எடுத்தாள். சின்னம்மா கூஜாவை எடுத்துக்கொண்டு ஓடிப் போய் அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்துத்தான் அப்பா டிக்கெட்டோடு வந்தார். வாந்தி எடுக்கும் மூத்தவளைப் பார்த்தார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது. "அடடே, மெதுவா, மெதுவா" என்றார்.

பெண்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அம்மாதான் முதலில் சிரித்தாள். சின்னம்மா கூஜாவைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்பா ஒன்றும் புரியாமல் நின்றார். எனக்கும் புரியவில்லை. வலித்தது எனக்கு, அழுதது நான், ஆனால் சிரிக்கும்போது இருவரும் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அம்மாதான் கை பிடித்தாள். சின்னம்மா என்னை மடியில் பிடித்துக்கொள்வாள். அடுத்த மாதம் நர்ஸம்மாவிடம் அம்மாவே முந்திக்கொண்டு, "நான்தாம்மா நடுவுல விட்டுட்டேன், இவ இல்ல" என்றாள். நர்ஸம்மா சின்னம்மாவிடம் என்ன சொன்னாள் என்று கேட்காதீர்கள். அவளுக்குப் பார்க்க வேண்டிய கைகள் நிறைய இருந்தன, தலையை ஆட்டிவிட்டு என் துணியைப் பிரிக்கத் தொடங்கினாள். அவ்வளவுதான். கத்தி வேண்டியிருக்கவில்லை. சுண்டுவிரல் மட்டும் முழுதாக நிமிரவில்லை. இதோ, இன்றைக்கும் கொக்கி மாதிரிதான் இருக்கிறது.

ஆனால் கிணற்றடி முன்போல இல்லை. இருவரும் என் தலைக்கு மேலே பேசிக்கொள்வார்கள். பால்காரர் வீட்டு மாடு, பீபியம்மா வீட்டுக் கல்யாணம், அப்பாவின் குறட்டை. என் கை நடுவில் கிடக்கும், அதை மறந்துவிட்டுப் பேசுவார்கள். சின்னம்மா அந்த ஏறிய பல் தெரிய அம்மாவைப் பார்த்துச் சிரிப்பாள். அம்மா தன் பூவில் பாதியைக் கிள்ளி அவள் தலையில் வைப்பாள். இவ்வளவு நாள் என்னைப் பங்குபோட்டுச் சண்டை போட்டவர்கள் இப்போது என்னை விட்டுவிட்டு ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டார்கள். அம்மாவிடமிருந்த பொறாமை முழுவதும் எனக்கு வந்து சேர்ந்தது.

கடைசியில் நர்ஸம்மா, இனிமேல் பிடிக்க வேண்டாம், வீட்டு வேலை செய்தாலே போதும் என்று சொல்லிவிட்டாள். மறுநாள் காலை மண்டி மணி அடித்தது. நான் கிணற்றடியில் போய் உட்கார்ந்து கையை நீட்டிக்கொண்டிருந்தேன். யாரும் வரவில்லை. அம்மா அடுப்படியிலிருந்தும் சின்னம்மா கொட்டகையிலிருந்தும் புளி விலையைப் பற்றிக் கத்திப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

விரல்களை இறுக்கி மடக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனேன்.

"அம்மா, மறுபடியும் மடங்கிப்போச்சு."

கரண்டி கீழே விழுந்தது. "அடியே, ஓடியாடி!" என்று அம்மா போட்ட கூச்சலில் சின்னம்மா சாணிக் கையோடு பறந்து வந்தாள். அம்மா என் கையைப் பற்றி ஒரு விரலைத் தொட்டாள். தொட்டதுமே அது விரிந்துவிட்டது. இன்னொன்றைத் தொட்டாள், அதுவும் விரிந்தது. இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"கழுத!" என்று முதுகில் ஒன்று வைத்தாள் அம்மா.

"வுடுக்கா" என்றாள் சின்னம்மா, கையைத் துடைத்துக்கொண்டே. "இன்னிக்கு ஒரு நாள் புடிச்சிட்டுப் போவோம்."

வெந்நீர் வைத்தார்கள். சின்னம்மா என்னை மடியில் இறுக்கிக்கொண்டாள். அம்மா எண்ணெய் தடவி ஆள்காட்டி விரலைப் பிடித்தாள். கொஞ்சமும் வலிக்கவில்லை. ஆனாலும் நான் கத்தினேன்.